காய்ந்த சோற்றுக்கு என் முகம்

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுப் பார்த்து முந்தாநாள் போட்டோ அனுப்பினாய், தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறது. நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், வயிறு எரிவதைத் தவிர. இந்தக் கடிதத்தை ஒட்டாமல், கவரின் வாயை மடக்கி மட்டும் அனுப்புகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் படிக்கட்டும். உன் ஷெட்டில் எரு மூட்டை தைக்கிற பிள்ளைகள் படிக்கட்டும். கொண்டு வந்து கொடுக்கிறவர் வழியில் பிரித்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். சென்னைக் கண்காட்சியில் கடை போட்டிருக்கிறாய், சுற்றி ஆள் இருப்பார்கள், வேலை இருக்கும். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்கள் முதல் கல்யாண ஓலையை வாசித்தார்கள். உன் பெயர், அவள் பெயர், உன் அப்பா பெயர், என் பெயர், பங்கு, ஊர் எல்லாம் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லவேண்டும் என்றார் சாமியார். மூன்று ஞாயிறு இப்படி ஊரைக் கேட்ட பிறகுதான் நம் கோயிலில் தாலி. எத்தனையோ பேருக்கு வாசித்துக் கேட்டிருக்கிறேன், ஒருநாளும் அந்த வார்த்தை என்னை ஒன்றும் செய்ததில்லை. அன்றைக்கு முன் வரிசைப் பெண்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. எழுந்து நின்றுவிடுவேனோ என்று பயந்து முன்னால் இருந்த பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, சின்னப்பொண்ணு வந்துவிட்டுப் போயிருந்தாள்.

அவளை உனக்குத் தெரியும். கல்வராயன் மலையில் தோட்டம் வைத்திருப்பவள். வருஷா வருஷம் ஆடிக்கு முன்னால் மலை பஸ்ஸில் இறங்கி வந்து, நம் குழியிலிருந்து ரெண்டு கோணி எரு வாங்கிக்கொண்டு போவாள். அவள் போடுகிற கத்தரி கடையில் விதை கிடைக்கிற கத்தரி இல்லை. பச்சையில் வெள்ளை வரி ஓடி, குண்டாக இருக்கும். நல்ல காய் நாலைந்தைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டு, அதிலிருந்து விதை எடுத்து அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வாள். இந்த வருஷம் அவள் எருவுக்கு நம் வீடு வரைக்கும் வரவில்லை. கோமுகி அணைப் பக்கம் உரக்கடையிலேயே உன் மூட்டை கிடைத்துவிட்டது, வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள். சனிக்கிழமை காலை நான் மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது வந்தவள் கையில் ஒரு நாற்றுத் தட்டும் உன் காலிப் பையும் இருந்தன. பையை மடிக்கக்கூட இல்லை. அதில் நீ அச்சடித்த என் முகம் வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா சின்னப்பொண்ணு, வெயில்ல வந்திருக்கிற, தண்ணி குடி" என்றேன்.

"தண்ணி இருக்கட்டும்க்கா. இத மோந்து பாரு."

தட்டில் ஒரு முளை இல்லை. மேலே பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணம். கீழே கறுப்பாக ஒரு கூழ். புளித்து மூன்று நாள் மறந்துபோன தோசைமாவின் நாற்றம். விரலை விட்டுக் கிளறி ஒரு விதையை எடுத்தேன், நசுக்கியதும் தண்ணீராகப் போய்விட்டது. மொத்த விதையையும் போட்டாயா என்று கேட்டேன். கேட்கும்போதே அவள் முகத்தில் பதில் இருந்தது.

"எப்பவும் பாதிய வெச்சிக்கினு பாதிதான்க்கா போடுவேன். இந்த வாட்டி மூட்ட மேல நீயே சிரிச்சிக்கினு இருக்கிற. அப்புறம் இன்னா பயம்னு எல்லாத்தையும் போட்டுட்டேன்."

அவள் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கத்தவில்லை. தட்டையும் பையையும் வைத்துவிட்டு, மத்தியான பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டாள்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். அந்த மூட்டையில் இருப்பது என்ன? எரு என்று சொல்லாதே. கள்ளக்குறிச்சியில் மூன்று கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு மிச்சத்தையும் அள்ளிவந்து மெஷினில் கொட்டுகிறாய். அது சூடாக்கி, அரைத்து, காயவைத்து, மறுநாள் காலையில் பழுப்புத் தூளாகத் துப்புகிறது. பார்க்க எரு மாதிரி இருக்கிறது, கையில் ஒட்டவில்லை, நாறவில்லை. "ஒரே நாளில் எரு" என்று பையில் அச்சடித்துவிட்டாய். அது எரு இல்லையடா, காய்ந்த சோறு! அது மக்கவே ஆரம்பிக்கவில்லை. அதன் மேல் தண்ணீர் பட்ட நிமிஷத்தில்தான் அதற்கு அழுகவேண்டும் என்று ஞாபகம் வருகிறது. விதையையும் சேர்த்துக்கொண்டு அழுகுகிறது. அதுவும் கல்யாணச் சோறு. ஊறுகாய், அப்பளம், உப்பு, எண்ணெய் எல்லாம் சேர்ந்தது. பந்தியில் உட்கார்ந்து நாலு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருக்கிறோமே, அந்த உப்பைப் பிறந்த குழந்தை வாயில் வைப்பாயா? விதை அதைவிடச் சின்னது.

நீ எம்.பி.ஏ. படித்தவன், நான் எட்டாவதோடு நின்றவள், ஆனாலும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஊறுகாயை இலையிலேயே வழித்து ஒதுக்கவேண்டும். சோற்றை ஒரு தண்ணீர் அலசி வடிக்கவேண்டும். ஒரு அடுக்கு மிச்சம் போட்டால் அதற்கு ரெண்டு பங்கு காய்ந்த கரும்பிலைச் சோகை போட்டு, மேலே சாணிக் கரைசல் தெளித்து மூடவேண்டும். முதல் பத்து நாள் குழிக்குள் கையை விட்டால் சுடும், சுடட்டும். அதைக் கிளறிக் கொடுத்து, மறுபடி சுட்டு, மறுபடி கிளறி, சோறு எது சோகை எது என்று தெரியாமல் போய், கையை விட்டால் சில்லென்று இருக்கிற அன்றைக்குத்தான் அது மண்ணுக்குப் போக லாயக்கு. மூன்று மாசம் ஆகும், மழைக்காலமாக இருந்தால் நாலு. அப்போதும் நான் அதை நம்புவதில்லை. ஒரு கொட்டாங்குச்சியில் வெறும் மண், இன்னொன்றில் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு, ரெண்டிலும் பத்துப் பத்து வெந்தயம். எருவில் போட்டது முந்திக்கொண்டு, தண்டு தடித்து வந்தால்தான் எருவைச் சலிக்கச் சல்லடையை எடுப்பேன். என் மிளகாய் நாற்றங்காலில் விதை சீப்புப் பல் மாதிரி ஒரே சமயத்தில் எழுந்திருக்கிறது என்று கச்சிராயபாளையத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களே, அந்த ரகசியம் வேறொன்றும் இல்லை, காத்திருந்தது மட்டும்தான். நீ அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டாய். எடுத்துவிட்டு, நான் காத்திருந்து சம்பாதித்த முகத்தை மட்டும் மூட்டையில் ஒட்டிவிட்டாய்.

சனிக்கிழமை சாயங்காலமே, பையின் மூலையில் மிச்சமிருந்த உன் தூளையும் கொட்டாங்குச்சியில் போட்டேன். உன் பக்கத்து நியாயத்தையும் பார்க்கவேண்டும் இல்லையா? இன்று வியாழன். வெறும் மண்ணில் பத்தில் எட்டு வந்திருக்கிறது. என் எருவில் பத்தும் வந்து இலை விரித்து நிற்கிறது. உன்னுடையதில் பூசணம் மட்டும் செழிப்பாக வளர்ந்திருக்கிறது. அது பாட்டுக்கு ஜன்னலோரம் இருக்கிறது, கல்யாணத்துக்கு வருகிறவர்களும் பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

உன் அப்பா சமாதானக்காரர், தெரியுமே. "கல்யாணம் முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம், ஏன் இப்ப பெருசு பண்ணிக்கினு இருக்கிற" என்கிறார். அவருக்கும் உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மெஷின் தப்பு செய்ததற்காக நான் இப்படிக் கொதிக்கவில்லை. பரிசோதிக்காமல் விற்றது அவசரம், அதற்கு நாலு திட்டுத் திட்டிவிட்டு விட்டிருப்பேன். என்னை எரிக்கிறது வேறு. பையில் இருக்கிற நம்பருக்குச் சின்னப்பொண்ணு போன் போட்டிருக்கிறாள். எடுத்தது வேறு யாரும் இல்லை, நீ. என்ன சொன்னாய் என்று அவள் வாயாலேயே கேட்டேன். "மலைல குளிரு ஜாஸ்திக்கா, அதான் மொளைக்கல. வேணும்னா இன்னொரு மூட்ட சும்மாவே அனுப்பறேன்" என்றாயாம். அவள் பிறந்த மலை. அவள் புகுந்த மலை. ஐம்பது ஆடிக்காற்று பார்த்தவளுக்கு அவள் மலையின் குளிரை நீ சென்னையில் இருந்துகொண்டு சொல்லித் தருகிறாய். உனக்குத் தெரிந்திருக்கிறது. போன மாசமே ரெண்டு பேர் புகார் சொன்னதாக உன் ஷெட்டுப் பையன்களே என்னிடம் சொன்னார்கள். தெரிந்தே அவள் தலையில் கட்டினாய்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஏனென்றால் நீ அவளிடம் சொன்ன மாதிரி ஒரு வாக்கியத்தை நான் முன்னால் கேட்டிருக்கிறேன். என் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

நீ காலேஜ் இரண்டாம் வருஷம் லீவில் வந்திருந்தாய், பதினோரு வருஷம் ஆகிறது. கோயில் திருவிழாச் சாப்பாட்டு மிச்சம் மலையாகக் கிடைத்து, குழியை நிரப்பியிருந்தேன். தியாகதுருகம் பக்கம் ஒரு அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஏழுமலை மிளகாய் நாற்றுக் கேட்டிருந்தான். தேதி நெருங்கிவிட்டது. குழிக்குள் கை விட்டேன், சுட்டது. நன்றாகவே சுட்டது. ஒரு மாசம் பொறுக்கச் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அவன் வேறு நாற்றங்காலுக்குப் போய்விடுவான் என்று, அந்த மக்கி வேகாத எருவிலேயே நாற்றும் விட்டு, நிலத்தில் போட நாலு கோணியும் கொடுத்தனுப்பினேன். நட்டுப் பத்து நாளில் வேர் கருகிய ஒரு செடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். நான் அந்தச் செடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பெரிய ஆபீசர் மாதிரி. பிறகு, "உன் கெணத்துத் தண்ணி உப்பாயிடுச்சுப்பா, அதான்" என்றேன். அவன் செடியை வாங்கிக்கொண்டு போனான். அவன் வாசல் தாண்டியதும் நீ, "சூப்பரா சமாளிச்சம்மா" என்றாய். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அதோடு விட்டேனா? செத்துப்போன நாற்று யாருடையது என்று கேட்டவர்களிடமெல்லாம், கோயில் முற்றத்தில் நின்றே, உப்புத் தண்ணி, உப்புத் தண்ணி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் நாற்றுக்குப் பேர் கெடக்கூடாது இல்லையா? அந்தப் பேச்சு நடந்து நடந்து நிலத்துக்காரர் காதுக்குப் போயிற்று. கிணறு உப்பாகிவிட்ட நிலம் எதற்கு என்று அவர் மனை போட்டு விற்றுவிட்டார். ஏழுமலை பெங்களூருக்குச் செங்கல் தூக்கப் போனான். அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "அந்த ஆளிடம் சொன்னாயாம்மா?" என்று கேட்டார். சொல்கிறேன் சாமி என்றேன். ஐம்பத்துமூணு மணி செபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். மனசு லேசாகிவிட்டது. ஏழுமலையிடம் மட்டும் சொல்லவில்லை. கடவுளிடம் சொல்லியாயிற்று, இனி மனுஷனிடம் எதற்கு என்று இருந்துவிட்டேன். என்ன நெஞ்சழுத்தம் பார் எனக்கு! உன்னைத் திட்டுகிறேன், நீ எங்கேயும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. நான் தண்ணீர் மேல் போட்டேன், நீ குளிர் மேல் போட்டாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

திங்கட்கிழமை தியாகதுருகத்துக்கு பஸ் ஏறினேன். ஏழுமலை இப்போது திரும்பி வந்துவிட்டான், அங்கே இருக்கிற மலைக்கோட்டைக்குப் போகிற வழியில் கரும்புச்சாறு வண்டி வைத்திருக்கிறான். முதுகு கூனிவிட்டது, என்னைவிட எட்டு வயசு சின்னவன். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டான். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். எரு வேகவில்லை, தெரிந்துதான் கொடுத்தேன், உன் தண்ணி மேல் பொய் சொன்னேன் என்று ஒவ்வொன்றாக. அவன் மெஷினை நிறுத்திவிட்டான். சாறு வாங்க வந்த ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றான். "அந்தக் கெணத்துத் தண்ணியத்தான நானு தெனம் குடிச்சிக்கினு இருந்தேன். உப்பா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டா அன்னிக்கே கேக்கல?"

"கேட்டா நீங்க இன்னொண்ணு சொல்லுவீங்க. நாலு பேருகிட்ட உங்க பேச்சு நிக்கும், என் பேச்சு நிக்காது. அதான், நீங்களே வந்து சொல்லட்டும்னு பாத்துக்கினு இருந்தேன்."

"மன்னிச்சுடு ஏழுமல."

"வூட்ல எல்லாரும் சௌக்கியமாக்கா?" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன யோக்கியதை? ஒரு கிளாஸ் சாறு பிழிந்து கொடுத்தான். குடித்தேன். மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தேன்.

தம்பி, உனக்குப் புரிகிறதா? நாம் சமாளித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்த பதினோரு வருஷமும் அவன் நம்மைத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறான். பெங்களூரிலிருந்து வந்தபோதெல்லாம் எதிரில் பார்த்து "வணக்கம்க்கா" என்றானே, அப்போதும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். சின்னப்பொண்ணுக்கும் தெரியும். குளிர் என்று நீ சொன்னதை அவள் நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிராதே. நம்பியிருந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஏன் வருகிறாள்?

அதனால் நீ செய்யவேண்டியது இது. சும்மா ஒரு மூட்டை அனுப்புகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே, டிரைவரை அனுப்பாதே, போனில் முடிக்காதே. நீ வா. கச்சிராயபாளையத்தில் மலை பஸ் ஏறி, அவள் வீட்டு வாசலில் நின்று, எரு வேகவில்லை, தெரிந்துதான் விற்றேன், குளிர் மேல் பொய் சொன்னேன் என்று உன் வாயால் சொல். அக்கம்பக்கத்தார் கேட்டால் கேட்கட்டும். பிறகு வழியில் உரக்கடையில் மிச்சம் இருக்கிற மூட்டையை எல்லாம் திருப்பி எடு. அந்தத் தூளைக் கொண்டுவந்து என் குழியில் கொட்டு, சோகையோடு சேர்ந்து மூன்று மாசம் கிடக்கட்டும், அதற்கும் புத்தி வரும். என் போட்டோவை எடுத்துவிடு. போன கிறிஸ்மஸுக்கு "சும்மா சிரிம்மா" என்று நீ எடுத்தாயே, அன்றைக்கு நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன், காய்ந்த சோற்றைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இன்னொன்று. போன வருஷம் சின்னப்பொண்ணு ஒரு பிடி கத்தரி நாற்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பின்பக்கம் முருங்கை ஓரம் அதில் ஒரே ஒரு செடி தப்பி நிற்கிறது. மூன்று காய் பழுக்க விட்டிருக்கிறேன், கோணித் துணியில் நிழல் கட்டியிருக்கிறேன். பக்கத்தில் வேறு கத்தரியும் பூத்திருந்தது, கலந்திருக்கலாம். அவள் கத்தரியே மறுபடி வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, நீயும் அவளிடம் உறுதி சொல்லாதே. உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடு. அந்த விதையை நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன், உன் கையால்தான் போகவேண்டும்.

வருகிற ஞாயிறு ரெண்டாவது ஓலை. அதற்கு நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கு அடுத்த ஞாயிறு மூன்றாவது. தடை ஏதாவது தெரியுமா என்று சாமியார் கடைசி முறையாகக் கேட்பார். அந்தப் பெண்ணுக்கும் உனக்கும் நடுவில் நான் நிற்கமாட்டேன், அவள் நல்ல பிள்ளை. ஆனால் அவள் யார் வாக்கை நம்பித் தாலிக்குத் தலை குனியப் போகிறாள் என்பது அவளுக்குத் தெரியவேண்டும். நீ அதற்குள் மலை ஏறி இறங்கியிருக்கவில்லை என்றால், அன்றைக்கு நான் பெஞ்சைப் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஊர் பார்க்க எழுந்து நிற்பேன், என் பொய்யை முதலில் சொல்லிவிட்டு உன்னுடையதைச் சொல்வேன்.

ஏழுமலைக்குப் பதினோரு வருஷம் பொறுமை இருந்தது. எனக்கு மூன்றாவது ஓலை வரைக்கும்தான் இருக்கிறது.

உன் மூட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிற
அம்மா